மட்டக்களப்பில் காணி: இப்பவே வாங்குவதா, பொறுப்பதா?

வத்தளை வாடகைக்காரன்
2024 ஒக்டோபர் 13

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தது மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. பதினொரு வருடமாகக் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் வாடகை வீடு. அடுத்த சித்திரைக்கு மட்டக்களப்புக் கிளைக்கு இடமாற்றம் வரும்போல் இருக்கிறது. வங்கி வேலை, எந்த வங்கி என்று கேட்க வேண்டாம். மனைவி ஹட்டன் பக்கம். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு.

ஊரில் எனக்கென்று வீடு கிடையாது. பெரிய வீடு அக்காவுக்குப் போனது. அதே வளவில் அப்பா கட்டிய புது வீடு தங்கச்சிக்கு. எனக்குப் படிப்பு. இதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். மனைவிக்குத்தான் விளங்கப்படுத்த முடியவில்லை. கலியாணம் முடித்த புதிதில் "உங்கட வீடு எது?" என்று கேட்டாள். அக்காவின் வீட்டைக் காட்டினேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரிப்பு மட்டும் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு தரகரோடு இரண்டு நாள் சுற்றினேன். கல்லடியில் பேர்ச் (ஏறக்குறைய 272 சதுர அடி) 9 லட்சம் என்றார். நாவற்குடாவில் உள் ஒழுங்கை ஒன்றில் 12 பேர்ச், பேர்ச்சுக்கு 5 லட்சம். சத்துருக்கொண்டானில் 2 லட்சத்துக்கும் காட்டினார். கட்டுவதற்குச் சதுர அடிக்கு 9,500 என்று ஒருவர் கணக்குச் சொன்னார். நாவற்குடாத் துண்டை எடுத்து 1,000 சதுர அடி கட்டினால் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். கையில் இருப்பதும் மனைவியின் நகையும் போக மிச்சம் கடன்.

வட்டி எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்குத் தெரியும், தொழிலே அதுதானே. மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான துணைநில் கடன் வீதம் 2023 மார்ச்சில் 16.5 சதவீதம் வரை ஏறி, 2024 ஜூலையில் 9.25க்கு வந்தது. இன்னும் இறங்கலாம். ஆனால் வட்டி இறங்கினால் எல்லாரும் கடன் எடுப்பார்கள், காணி விலை ஏறும். வட்டி இறங்கும் வரை பொறுத்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். இப்போதே எடுத்தால் விலை விழுந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். விலை இறங்குமா? எந்தப் பக்கம் பிள்ளைகளோடு இருக்க நல்லது?


நாவற்குடா படவரைஞர்
2024 ஒக்டோபர் 14

தம்பி, 31 வருடம் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் காணிப் படம் வரைந்தவன் நான். இந்த நகரத்தின் ஒழுங்கைகளில் பாதியை என் பேனையால் கீறியிருப்பேன். இப்போது ஓய்வு. கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விலை இறங்குமா என்று கேட்டீர்கள். இறங்க வேண்டுமென்றால் விற்கிறவனுக்கு அவசரம் இருக்க வேண்டும். இங்கே அந்த அவசரக்காரன் குறைவு. என் ஒழுங்கையில் 14 வளவு. நான் குடிவந்தது 1993இல். அதற்குப் பிறகு காசுக்குக் கைமாறியவை மூன்றே மூன்று. மற்ற பதினொன்றும் தாயிடமிருந்து மகளுக்கு, சிலது அந்த மகளிடமிருந்து அவள் மகளுக்கு. உங்கள் அக்கா, தங்கச்சி கதைதான். யாழ்ப்பாணத்துச் சொத்து வழக்குச் சட்டமான தேசவழமை இங்கே செல்லாது. நம் பக்கத்துப் பழைய முக்குவச் சட்டமும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டது. சட்டம் போனதே தவிர வழக்கம் போகவில்லை. பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் முதலில் பார்ப்பது தொட்டிலை, அடுத்தது காணியை.

ஆகவே விற்பனைக்கு வருவது எது? பெண் பிள்ளை இல்லாத வீட்டுக் காணி, குடும்பத்தோடு வெளிநாடு போனவர்களின் காணி, கடனில் மாட்டினவரின் காணி. அவ்வளவுதான். வாங்க நிற்பவர்களோ நிறைய. பெண் பிள்ளை பெற்ற தகப்பன்மார், சுவிஸிலும் கனடாவிலும் இருந்து அனுப்புகிறவர்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்து நகரத்தில் ஒரு வீடு வேண்டும் என்கிறவர்கள். 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றதால் வானுக்கும் காருக்கும் போக வேண்டிய காசும் கொஞ்சம் மண்ணில் விழுந்தது என்பது என் எண்ணம். அதை நான் நிரூபிக்கப் போவதில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. என்னிடம் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர், காணி இனிப் பாதி விலைக்கு வரும் என்றார்கள். வரவில்லை. விற்க இருந்தவர்கள் "காணி விற்பனைக்கு" என்று வேலியில் கட்டியிருந்த பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. கட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்தினார்கள். சில அத்திவாரங்களில் இன்றைக்கும் எருக்கலை நிற்கிறது. பவுணும் பிராங்கும் கையில் இருந்தவர்கள் அந்த வருடம் வந்து வாங்கினார்கள், அவர்களுக்கு அது மலிவு. ரூபாயில் சம்பளம் எடுக்கிறவனுக்கு மலிவான நாள் என்று ஒன்று வந்து நான் பார்க்கவில்லை.

அதற்காக இரட்டிப்பாகும் என்று தரகர் சொல்வதையும் நம்ப வேண்டாம். இருப்பதற்கு வாங்குங்கள். வாங்கி வைத்து விற்கலாம் என்ற கணக்கு இந்த ஊரில் பத்து வருடக் கணக்கு.

விலையை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். நமது எழுவான்கரை ஒரு நாக்கு மாதிரி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. மாவட்டத்தின் சனத்தில் பெரும்பங்கு இந்த ஒடுங்கின மணல் துண்டில்தான் இருக்கிறது. நடுவில் முதுகு போல மேடு. அந்த மேட்டில் கோயிலும் பழைய வீடுகளும் இருக்கும், முன்னோர் பார்த்துத்தான் இருந்திருக்கிறார்கள். மேட்டிலிருந்து வாவிப் பக்கம் இறங்க இறங்க விலையும் இறங்கும், மண்ணும் இறங்கும். பேர்ச் 2 லட்சத்துக்கு ஒன்று காட்டினார்கள் என்றால் அங்கே முன்பு என்ன நின்றது என்று கேளுங்கள். கண்டல், தில்லை மரங்கள் நின்ற இடம் என்றால் அது வாவியின் இடம். கிறவல் கொட்டி நிரவினாலும் மார்கழியில் வாவி தன் இடத்தைத் தேடி வரும்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் மட்டம் பார்த்துக் கொடுத்தவன் என் வீட்டில் பிழைவிட்டேன். 1993இல் கட்டும்போது ஒழுங்கை வெறும் மணல். வளவை ஒழுங்கையிலும் அரை அடி உயர்த்தி, அதன்மேல் வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்தினேன். போதும் என்று நினைத்தேன், அன்றைக்குப் போதும்தான். மறுகா கிறவல் போட்டார்கள், ஒழுங்கை உயர்ந்தது. சண்டை முடிந்தபின் கொங்கிறீட் போட்டார்கள், இன்னும் உயர்ந்தது. நல்ல ஒழுங்கை, மோட்டார் சைக்கிள் சறுக்காமல் போகும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வடிகான் வெட்டவில்லை. ஒழுங்கை உயர உயர என் வளவு பள்ளமானது.

2011 தை வெள்ளத்தில் ஒழுங்கைத் தண்ணீர் கடப்பைத் தாண்டி உள்ளே வந்தது. குசினிக்குள் கணுக்கால் வரை. எந்தப் பக்கமும் வடியவில்லை, ஏனென்றால் பின்வளவுக்காரர் மதில் கட்டிவிட்டார். முன்பு அங்கே கிடுகு வேலி, தண்ணீர் அதற்குள்ளால் ஓடிவிடும். மனைவி அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஊருக்கு மட்டம் பார்த்தவர்" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். பாலமீன்மடுவில் ஆற்றுவாய் வெட்டித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் வரை குசினி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. பிறகு தரையை ஒரு அடி உயர்த்தினேன். அதனால் இப்போது வாசல் நிலைகளெல்லாம் குள்ளம். உயரமான விருந்தாளி வந்தால் குனியச் சொல்லிக் கத்த வேண்டும்.

ஆகவே காணியைப் புரட்டாசியில் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு மழை விட்டு மூன்றாம் நாள் வந்து பாருங்கள். முதல் நாள் எல்லா இடமும் தண்ணீர் நிற்கும், மணல் குடிக்க நேரம் வேண்டும். மூன்றாம் நாளும் நின்றால் விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்து மதில்களில் பாசிக் கோடு எந்த உயரத்தில் என்று பாருங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் கட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று.

அடுத்தது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். 30 வருடத்துக்குக் காணிப் பதிவகத்தில் தேடுவிக்க வேண்டும், இதை எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பொறி வேறொன்று: சீவிய உருத்து. தாயும் தகப்பனும் மகளுக்குச் சீதனமாக எழுதும்போது தங்கள் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். மகள் விற்கலாம், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை தாய்க்கு. எங்கள் கந்தோருக்கு வந்த ஒருவர் இதைப் பார்க்காமல் வாங்கினார். சாமானோடு லொறியில் வந்து இறங்கினால் விறாந்தையில் ஒரு கிழவி வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறா. "இரி மனே, தேத்தண்ணி குடி" என்றாவாம். குடித்தார். மகள் கனடாவில். பிறகு பேசித் தீர்த்து, அந்த அம்மாவுக்கு வேறொரு அறை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்க ஒன்றரை வருடம். உறுதியின் கடைசிப் பந்தியை வாசித்திருந்தால் ஒரு நிமிடம்.

படுவான்கரையில் மலிவாக ஏக்கர் கணக்கில் காட்டுவார்கள். அதில் நிறைய, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதி வாங்குகிற சாமான் இல்லை அது. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாறாது.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையைச் சேர்த்தீர்களா? முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. உங்கள் 60 லட்சத்துக்கு 239,000 ரூபாய். நொத்தாரிசின் கட்டணம், படம், தேடுதல் எல்லாம் வேறு. படத்துக்கு மட்டும் என்னிடம் கேட்கலாம், இப்போதும் கை நடுங்கவில்லை.


மூன்று மகள் வாப்பா
2024 ஒக்டோபர் 14

காத்தான்குடியிலிருந்து எழுதுகிறேன். படவரைஞர் நானா சொன்னதெல்லாம் சரி. அவர் மண்ணைப் பார்க்கச் சொல்கிறார். எங்கட ஊரில் பார்ப்பதற்கு மண் இல்லை, ஆகாயம்தான் மிச்சம். சில சதுர கிலோமீற்றருக்குள் நாற்பதாயிரம் பேர். பிரதான வீதிக்குப் பக்கத்தில் ஒரு கடையளவு துண்டின் விலையைக் கேட்டால் வத்தளை மலிவு என்பீர்கள்.

எனக்கு மூன்று பெண் பிள்ளை. கீழ் வீடு மூத்தவளுக்குக் கொடுத்தாச்சு. மேல்மாடி இரண்டாமவளுக்கு, வெளியால் தனிப் படி வைத்து. மூன்றாமவளுக்குப் பதினாறு வயது. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, துருப்பிடிக்காமல் இருக்க வருடம் ஒரு முறை சீமெந்துப் பால் பூசுகிறேன். மனைவி அதில் துணி காயப்போடுவாள். "அது கொடிக் கம்பம் இல்லை, உன் மூன்றாவது மருமகன்" என்று சொல்வேன். நானும் அவளும் எங்கே இருக்கிறோம்? பின்பக்கத்தில் பழைய குசினியைத் தட்டிச் சரிப்பண்ணிய அறையில். சந்தோசமாகத்தான் இருக்கிறோம், மூன்று நேரமும் மேலிருந்தும் கீழிருந்தும் கறி வரும்.

தம்பிக்கு ஒரு புத்தி சொல்கிறேன். இரண்டு பெண் பிள்ளை என்கிறீர்கள். 1,000 சதுர அடி கட்டினாலும் அத்திவாரத்தையும் தூணையும் மேல்மாடிக்கு ஏற்றமாதிரிப் போட்டுவிடுங்கள். இன்றைக்குச் சில லட்சம் கூடப் போகும். பிறகு உடைத்துப் போட நினைத்தால் வீட்டையே உடைக்க வேண்டும். மணல் தரை என்பதால் தூணின் அடிப்பாதத்தை எஞ்சினியர் ஒருவரிடம் கணக்குப் பார்த்துப் போடுங்கள், மேசன்மாரின் வாய்க்கணக்கு வேண்டாம்.

மற்றது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி என்பார்கள். எங்கட பக்கத்தில் அது எப்போதோ செத்துப்போன சட்டம், இடமே இல்லை. அதனால் குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வந்தபிறகு நிம்மதி. குழாய் இல்லாத ஒழுங்கை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.


கல்லடி ரீச்சர்
2024 ஒக்டோபர் 16

ஐயா எழுதியது மண்ணுக்கும் உறுதிக்கும் சரி. ஆனால் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வியை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். பிள்ளைகளோடு இருக்க எப்படி என்றுதானே கேட்டார்? ஆண்கள் காணி என்றால் வேலியோடு நிற்கிறீர்கள்.

நான் சொல்வது: முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். இதை எழுதினால் அம்மாவே என்னை ஏசுவா. வாடகை வீட்டில் இருக்கிற பெண்ணை இந்த ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும், "வீடில்லாமலா கட்டிக் கொடுத்தார்கள்?" என்று. அண்ணி ஹட்டன் என்பதால் இந்தக் கேள்வி அவவுக்குக் கட்டாயம் வரும், அதுவும் நல்ல மனதோடு கேட்பார்கள், அதுதான் கூடச் சுடும். இப்போதே சொல்லி வையுங்கள்.

அண்ணி மலையிலிருந்து வாறா. வைகாசியிலிருந்து ஆவணி வரை எங்கள் கச்சான் காற்றை அவ பார்த்ததில்லை. பத்து மணிக்குத் தொடங்கும், அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. மேற்கே பார்த்த படுக்கை அறை என்றால் இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடும். பின்னேரம் கடல்காற்றுத் திரும்பினால்தான் உயிர் வரும். என் வீட்டுக்கும் கடலுக்கும் 400 மீற்றர், அதனால் தப்பினேன். கட்டுவதென்றால் மேற்குப் பக்கம் குசினியும் குளியலறையும் போகட்டும். தட்டையான கொங்கிறீட் கூரை அழகு என்று போடுகிறார்கள், எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஓடு போட்டு உயர்த்திக் கட்டுங்கள், மேல்மாடிக் கனவை வாப்பா மன்னிக்கட்டும்.

கடல் பக்கம் மலிவாக ஏதும் காட்டினால்: கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். 2004 மார்கழி 26 எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் பொலித்தீன் பை தொங்கும். உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என் பட்டச் சான்றிதழ், அப்பாவின் படம் ஒன்று. அம்மா மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிச்சுப் போடுவா. அலுமாரி வாங்கிக் கொடுத்தோம். அதில் சேலை இருக்கிறது, உறுதி ஆணியில்தான்.

பள்ளிக்கூடம். சின்னவளுக்கு 2026 தையில் முதலாம் ஆண்டு, விண்ணப்பம் அடுத்த வருட நடுவில். வீட்டுக்கு அருகில் என்ற பிரிவில் முழுப் புள்ளி வேண்டுமென்றால் ஐந்து வருடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் பெயர் வத்தளையில். ஆகவே இப்போது ஓடிப்போய் வின்சன்ட்டுக்கோ சிசிலியாவுக்கோ பக்கத்தில் காணி வாங்கினாலும் அந்தப் புள்ளி வராது. இடமாற்றத்தில் வருபவர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது, உங்கள் வங்கிக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். பள்ளிக்கூடத்துக்காக என்று பேர்ச்சுக்கு மூன்று லட்சம் கூடக் கேட்கும் தரகரிடம் இதைச் சொல்லுங்கள்.

நல்லது எதுவும் சொல்லாமல் விட்டால் பாவம். சந்தையில் இறாலும் நண்டும் உயிரோடு கிடக்கும். எருமைத் தயிர் முட்டி படுவான்கரையிலிருந்து வரும். எந்த அவசரத்துக்கும் போதனா வைத்தியசாலை கால் மணி நேரம். மூத்தவள் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகலாம், வத்தளையில் விடுவீர்களா? கொழும்பில் அலுவல் என்றால் இரவு ரயில் ஏறினால் விடிய அங்கே. பின்னேரம் ஆறு மணிக்குக் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்துவிட்டு வந்தால் நான் எழுதிய வெக்கையெல்லாம் மறந்துபோகும்.


நாவற்குடா படவரைஞர்
2024 ஒக்டோபர் 16

ரீச்சர் மகள் வாடகை என்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மழைக்காலமும் ஒரு கச்சானும் பார்த்தபின் வாங்குவதுதான் சரி. ஓட்டுக் கூரைக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் ஓடெல்லாம் பக்கத்து ஊர் வயலுக்குப் போனது. எனக்குப் பதினாறு வயது. கொங்கிறீட் பிளேட் போட்ட ஒரே ஒரு வீடு எங்கள் தெருவில், அதற்குள் அறுபது பேர் நின்றோம். ஆகவே ஒரு அறைக்காவது பிளேட் போடுங்கள். மற்றதெல்லாம் ஓடு.


வத்தளை வாடகைக்காரன்
2024 டிசம்பர் 5

எழுதியவர்களுக்கு நன்றி. ஐயா சொன்னபடி மழையில் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். இப்படி ஒரு மழையை எதிர்பார்க்கவில்லை. நவம்பர் கடைசி வாரம் மன்னம்பிட்டிப் பக்கம் பாதை மூழ்கி, ரயிலும் நின்று, ஊரோடு ஃபோன் மட்டும்தான். பாதை விட்டதும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

நாவற்குடாவின் 12 பேர்ச்: தரகர் ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டார், "சப்பாத்து நனையும்" என்றார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டு ஐந்தாம் நாள். காணியின் வாவிப் பக்க மூலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர், அதில் சின்ன மீன் ஓடுகிறது. பக்கத்து மதிலில் மூன்று கோடு, மேல்கோடு என் இடுப்பு. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "மகன், வாங்கப் போறீங்களா? உங்கட தரகர் நாலு வருடமாக இதை விற்கப் பார்க்கிறார், எப்பவும் ஆடியில்தான் ஆட்களைக் கூட்டி வருவார்" என்றா. தரகர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

சத்துருக்கொண்டானுக்குப் போகவே இல்லை. ஓட்டோக்காரர் திருப்பிவிட்டார்.

வாடகைக்குக் கருவேப்பங்கேணியில் ஒரு வீடு பேசியிருக்கிறேன், ஓட்டுக் கூரை, படுக்கை அறை கிழக்குப் பார்த்தது. (ரீச்சருக்கு: மனைவி உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தாள். "வீடில்லாமலா" என்ற கேள்விக்கு அவள் ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருக்கிறாள். இங்கே எழுத முடியாது.)

போன இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. இருதயபுரத்தில் 9 பேர்ச், பழைய ஓட்டு வீடு ஒன்றோடு. மேடு. ஐந்தாம் நாள் மணல் காய்ந்து கிடந்தது. மதிலில் கோடு இல்லை. விற்பவர் ஒரு ஓய்வுபெற்ற தாதி. ஒரே மகன், அவுஸ்திரேலியாவில். நீங்கள் சொன்ன பெண் பிள்ளை இல்லாத வீடு இதுதான் என்று நினைத்தேன். உறுதியின் நகல் தந்தா. கடைசிப் பந்தியை வாசித்தேன், சீவிய உருத்து ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் "கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று ஒரு வரி வருகிறது. காணிக்குள் நான் பார்த்த கிணறு முழுதாக இவர்கள் பக்கம்தான் இருந்தது. இது என்ன?


நாவற்குடா படவரைஞர்
2024 டிசம்பர் 5

நல்ல வரியில் கண் வைத்திருக்கிறீர்கள், தம்பி. முன்பு ஒரு வளவாக இருந்து இரண்டு மகள்மாருக்குப் பிரித்திருப்பார்கள். கிணறு ஒன்றுதான், அதனால் அரைப் பங்கு. மற்ற அரை பக்கத்து வளவுக்காரருடையது. அவர் இன்றைக்குக் குழாய்த் தண்ணீர் எடுக்கலாம், மோட்டார் வைத்திருக்கலாம், கிணற்றையே மறந்திருக்கலாம். ஆனால் உங்கள் வளவுக்குள்ளால் கிணற்றுக்கு வர அவருக்கு வழி உண்டு, அந்த வழியில் நீங்கள் மதில் கட்ட முடியாது. நீங்கள் மேல்மாடிக்கு என்று தூண் போட நினைக்கும் இடம் அந்த வழியாக இருந்தால் கரைச்சல்.

நகலோடு இருக்கும் படத்தில் கிணற்றிலிருந்து எல்லை வரை புள்ளிக் கோடு ஏதும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது எத்தனை அடி அகலம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். படத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். எங்கள் கந்தோரில் கீறியதாக இருந்தால் என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பக்கத்து வளவுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.